ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்': அடுத்து என்ன?

கேள்வி: வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. மது தொட்டதே இல்லை, சைவம். முழு உடல் பரிசோதனையில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 2.4 லட்சம். எண்ணெய்ப் பலகாரங்களை நிறுத்திவிட்டேன். கல்லீரலைச் சுத்தம் செய்ய மருந்து உண்டா?

பதில்: கிரேடு என்பது கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதன் தோராயக் கணக்கு மட்டுமே. பின்னாளில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வரை போகுமா என்பதைச் சொல்வது கல்லீரலில் விழும் தழும்பு. ஆரம்பகாலத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஆனால் கையிலிருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே ஓரளவு கணிக்கலாம். இதற்கு ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 42 × 48 = 2016. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில், அதாவது 240 என எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலமான 8-ஆல் பெருக்கினால் 1920. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.05. இது 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 1.3-ஐத் தாண்டியிருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வோம், 2.67-ஐத் தாண்டினால் நேரே கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று கொள்ள வேண்டும்.

எண்ணெயைக் குறைத்தது நல்லதே. ஆனால் கல்லீரலில் சேரும் கொழுப்பில் பெரும்பகுதி உடற்கொழுப்பு கரைந்து இரத்தம் வழியாக வருவது. சுமார் கால் பங்கைச் சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே தயாரிக்கிறது. சாப்பாட்டிலுள்ள கொழுப்பிலிருந்து நேராக வருவது அதைவிடக் குறைவு. சைவ உணவுக்காரர்களுக்கும் மது தொடாதவர்களுக்கும் இது வருவது இப்படித்தான். காலையில் ஐந்து இட்லி, மதியம் தட்டு நிறையச் சோறு, நாளுக்கு நான்கு முறை இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ, இரவு மறுபடி தோசை என்று சாப்பிட்டால் பலகாரத்தை நிறுத்தியும் பெரிய பலன் இருக்காது.

தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, சுண்டல், பனீர் போன்றவை, மீதிக் கால் பங்குதான் சோறு. கேழ்வரகானாலும் இதே அளவுதான். சிறுதானியம் என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிடுவது பலர் செய்யும் தவறு. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், ஜூஸ் வேண்டாம். சர்க்கரை இல்லாத காபி கல்லீரலுக்குக் கெடுதல் அல்ல.

உங்கள் பிஎம்ஐ 27.6. நமக்கு 23-க்கு மேலேயே அதிக எடைதான். 4 கிலோ குறைந்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும். ஐந்தரை கிலோ குறைந்தால் அழற்சி தணிய நல்ல வாய்ப்புண்டு. தழும்பு இருப்பவர்கள் எடையில் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் தசை கரையும், பித்தப்பைக் கல் வரும், கல்லீரல் அழற்சியே கூடவும் கூடும். வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நடங்கள். இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள்.

'சுத்தம்' செய்யும் மருந்து எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2024-ல் அனுமதி பெற்ற ரெஸ்மெட்டிரோம், தழும்பு ஓரளவு ஏறியவர்களுக்கானது, உங்களுக்கு அல்ல. வைட்டமின் ஈ மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கல்லீரல் டானிக், மூலிகைப் பொடி எதையும் தொட வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறோம்: சீந்தில் கொடியாலும் கிரீன் டீ சாறு மாத்திரைகளாலும் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். மாறாக, கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் எழுதியிருந்தால் 'லிவர் கெட்டுவிடும்' என்று பயந்து நிறுத்தாதீர்கள். இந்த நோயாளிகளுக்குப் பெரிய ஆபத்து மாரடைப்புதான்.

இப்போதே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு), கொலஸ்ட்ரால், தைராய்டு, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். எஸ்ஜிபிடியை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். மாதாமாதம் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. ஃபிப்-4 கணக்கை, சர்க்கரை நோய் இருந்தால் ஆண்டுக்கொரு முறை, இல்லாவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை போட்டுப் பாருங்கள். கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, மலம் கறுத்துப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.