1986இல் கல்யாணம், 2001இல் அப்பா மரணம்: எனக்குப் பங்கு உண்டா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் எங்கள் தாத்தாவுக்கு அவருடைய அப்பா வழியில் வந்த 3 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. தாத்தா 1952இல் இறந்தார். அப்பா ஒரே மகன். எனக்கு இரண்டு அண்ணன்கள். எனக்கு 1986இல் கல்யாணம் ஆனது. அம்மா 1997இல் தவறினார், அப்பா 2001இல் உயில் எழுதாமல் போய்விட்டார். போன தை மாதம் முதல் தடவையாகப் பங்கு கேட்டேன். "89க்கு முன்னாடி கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லை, 2005 சட்டம் அப்பா போன பிறகு வந்தது, 30 பவுன் போட்டாச்சு" என்கிறார்கள். அவர்கள் வக்கீல் 2015ஆம் வருடத்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பையும் காட்டுகிறார். 1999இல் அப்பாவே ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பிரித்து 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாராம். பெரிய அண்ணன் 2003இல் 40 சென்ட் விற்றுவிட்டார். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, சகோதரி. ஆனால் உங்கள் அண்ணன்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சரியாக இருந்ததுதான்.

89 கதையை முதலில் பார்ப்போம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. அதில் தமிழ்நாடு ஒரு திருத்தம் செய்து, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 25.3.1989இலிருந்து அமல். அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான மகளுக்கு இது பொருந்தாது என்று அதே திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. நீங்கள் அந்தக் கோட்டுக்கு மூன்று வருடம் அந்தப் பக்கம் நின்றீர்கள். ஆனால் வாரிசுரிமை பொதுப்பட்டியலில் உள்ள விஷயம். நாடாளுமன்றம் பின்னால் அதே விஷயத்தில் சட்டம் போட்டு, அது மாநிலத் திருத்தத்துக்கு முரணாக இருந்தால், மத்தியச் சட்டம்தான் நிற்கும். 9.9.2005இல் அமலான திருத்தம் 6ஆவது பிரிவையே மாற்றி எழுதியது. அதில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேச்சே இல்லை. 89 கதை அத்தோடு முடிந்தது.

சரி, அப்பா 2001இலேயே போய்விட்டாரே? உங்கள் கேஸின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

புதிய 6ஆவது பிரிவு ஏறக்குறைய இப்படிச் சொல்கிறது: "இந்தத் திருத்தம் அமலுக்கு வந்த நாள் முதல், கோபார்சனர் ஒருவரின் மகள், மகனைப் போலவே, பிறப்பால், தன் சொந்த உரிமையில் கோபார்சனர் ஆவாள்." கோபார்சனர் என்பதற்கு நம் ஊரில் பங்காளி என்றே சொல்லலாம். அண்ணன் தம்பி வழி ஆண்களுக்கு மட்டும் நாம் வைத்திருந்த சொல் அது. கட்டிக் கொடுத்த பெண் சம்பந்தி வீட்டுக்காரி. அவளைப் பங்காளி ஆக்கிய வரி இது.

இந்த ஒரே வரியைச் சுப்ரீம் கோர்ட் இரண்டு விதமாக வாசித்தது. 2015இல் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் இரண்டு நீதிபதிகள் "அமலுக்கு வந்த நாள் முதல்", "கோபார்சனரின் மகள்" என்ற சொற்களில் நின்றார்கள். அந்த நாளில் மகளும் உயிரோடு இருக்க வேண்டும், அப்பாவும் உயிரோடு இருக்க வேண்டும். செத்தவர் எப்படிக் கோபார்சனர் ஆவார் என்று கேட்டார்கள். உங்கள் அண்ணன்களின் வக்கீல் காட்டுவது இதைத்தான். 2018இல் தானம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001இலேயே இறந்துபோன ஒரு அப்பாவின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். ஒரே கோர்ட், ஒரே எண்ணிக்கை நீதிபதிகள், எதிரெதிர்த் தீர்ப்புகள். எங்களைப் போன்ற வக்கீல்களுக்கு அது தலைவலிக் காலம். கட்சிக்காரர் கேட்டால் கையை விரிக்க வேண்டியிருந்தது.

மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து 11.8.2020இல் வினீதா சர்மா வழக்கில் இதைத் தீர்த்தார்கள். அவர்கள் கை வைத்த சொல் "பிறப்பால்". உரிமை வருவது அப்பா சாகும்போது இல்லை, மகள் பிறக்கும்போது. பிறப்பு என்பது முன்பே நடந்து முடிந்த சம்பவம். 2005இலிருந்து சட்டம் அந்தச் சம்பவத்துக்குப் பலன் கொடுக்கிறது. ஆகவே 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பூலாவதி தீர்ப்பு அந்த அளவில் செல்லாது. அண்ணன்களின் வக்கீலுக்கும் இது தெரிந்திருக்கும்.

அவர் அடுத்து எடுப்பது கற்பனைப் பாகப்பிரிவினையாக இருக்கும். பழைய 6ஆவது பிரிவில், ஒருவர் இறந்தால் சாவதற்குச் சற்று முன் சொத்து பிரிந்ததாகப் பாவிக்க வேண்டும் என்று இருந்தது. அப்படியானால் 2001இலேயே பிரிந்துவிட்டதே என்பார். சட்டத்தில் "பாவிக்க வேண்டும்" என்று வந்தால், எதற்காகப் பாவிக்கச் சொன்னார்களோ அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தப் பாவனை, இறந்தவரின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவதற்கு மட்டும்தான். அதனால் நிலம் நிஜமாகப் பிரிந்துவிடாது என்று வினீதா சர்மா தீர்ப்பே சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். பழைய முறையில் அப்பாவும் இரண்டு மகன்களும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் அந்த ஒரு பங்கு மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும். உங்களுக்கு ஒன்பதில் ஒன்று, 300 சென்ட்டில் 33 சென்ட் சொச்சம். அண்ணன்கள் "பங்கே இல்லை" என்பது பழைய சட்டப்படியும் தப்பு என்பதைக் கவனியுங்கள்! புதிய முறையில் நீங்களும் பங்காளி. நான்கு பேருக்கு நான்கில் ஒன்று, அப்பாவின் கால் பங்கு மறுபடி மூவருக்கும். மொத்தத்தில் மூன்றில் ஒன்று, அதாவது ஒரு ஏக்கர். சண்டை உண்மையில் 33 சென்ட்டுக்கும் 100 சென்ட்டுக்கும் நடுவில்தான்.

நான் கொஞ்சம் பயப்படுவது 1999 கூர்சீட்டை, அதாவது அப்பா பிரித்து எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தைப் பார்த்துத்தான். 20.12.2004க்கு முன் நடந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் இந்தத் திருத்தம் தொடாது. மசோதா ராஜ்ய சபாவில் வைக்கப்பட்ட நாள் அது. சட்டம் வருகிறது என்று தெரிந்து முன்தேதி போட்டுப் பத்திரம் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தே, பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது கோர்ட் டிக்ரி என்று விளக்கமும் சேர்த்தார்கள். பதிவாகாத 20 ரூபாய்த் தாள் அதில் அடங்காது. ஆனால் வினீதா சர்மாவில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது: வாய்மொழிப் பிரிவினையைப் பொது ஆவணங்கள் உறுதியாகக் காட்டும் அபூர்வ வழக்குகளில் ஏற்கலாம். வெறும் சாட்சி போதாது. ஆகவே பட்டா எந்த வருடம் அண்ணன்கள் பேருக்குத் தனித்தனியாக மாறியது என்பது முக்கியம். 1999, 2000 வாக்கிலேயே சர்வே எண் உட்பிரிவாகியிருந்தால் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். பட்டா மாற்றம் பாகப்பிரிவினை ஆகாது என்று நாம் வாதாடலாம்தான், ஆனாலும் எதிரி கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று தெரியாமல் கோர்ட் படி ஏறக்கூடாது. தாலுகா அலுவலகத்தில் பழைய சிட்டா, அ பதிவேட்டு நகலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் 1985 முதல் வில்லங்கச் சான்றும் வாங்குங்கள்.

2003இல் விற்ற 40 சென்ட்டைப் பதிவுப் பத்திரத்தோடு விற்றிருந்தால் விட்டுவிடுங்கள், வாங்கியவரை இழுக்க முடியாது. அதை அண்ணன் பங்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

30 பவுனுக்குப் பதிலே தேவையில்லை. சீர் வேறு, பங்கு வேறு. ஆனால் கல்யாணத்தின் போதோ பின்னாலோ பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஏதாவது பதிவாபீஸில் கையெழுத்துப் போட்டீர்களா? வில்லங்கச் சான்று வந்ததும் முதலில் அதைத் தேடுங்கள். இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் மாறும்.

பங்கு மறுக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 வருடம் அவகாசம். தை மாதம்தான் மறுத்தார்கள் என்றால் நேரம் இருக்கிறது. வழக்கு போட்டால் "நிலம் என் அனுபவத்தில் இல்லை, என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்" என்று கோபத்தில் எழுதச் சொல்லாதீர்கள். கூட்டு அனுபவம், அதாவது நிலம் இன்னும் எல்லோர் கையிலும் சேர்ந்தே இருக்கிறது என்றால், கோர்ட் கட்டணம் ஒரு நிலையான தொகை. வெளியே தள்ளப்பட்டதாகச் சொன்னால் உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். அந்த ஊர் நஞ்சையின் இன்றைய விலைக்கு அது பெரிய தொகை. அண்ணன்கள் விளைச்சலில் நெல்லோ தேங்காயோ அனுப்பிக்கொண்டிருந்தால் அதை எழுதிவையுங்கள். கூட்டு அனுபவத்துக்கு அது உதவும்.