லண்டனிலிருந்து சென்னை நேர் கிழக்கே: தூரமும் திசைக்கோணமும் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் கையில் இருக்கின்றன. இடையிலுள்ள தூரத்தையும், ஒன்றிலிருந்து மற்றொன்று எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் நானே கணக்கிட முடியுமா?

முடியும். பிளஸ் டூ முக்கோணவியல் போதும், ஒரு எக்செல் தாளில் ஏழெட்டுக் கட்டங்களில் வேலை முடிந்துவிடும். வரைபடத் தரவுகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரம் சுலபம், இங்கிருந்து அங்கே அளந்தாலும் அங்கிருந்து இங்கே அளந்தாலும் ஒரே எண்தான். திசைதான் ஆளைக் குழப்பும், ஏனென்றால் போகிற வழி நெடுக அது மாறிக்கொண்டே இருக்கும். இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் சூத்திரம்தான்.

சென்னையையும் லண்டனையும் எடுத்துக்கொள்வோம். சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. லண்டன் 51.51 வடக்கு, 0.13 மேற்கு. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் லண்டனுக்குத் தென்கிழக்கே சென்னை இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால், லண்டனில் நிற்பவருக்குச் சென்னையின் திசைக்கோணம் 89.2 டிகிரி. கிட்டத்தட்ட நேர் கிழக்கு. (வடக்கை 0 என்று வைத்து, கடிகார முள் சுற்றும் பக்கமாக எண்ணுவது வழக்கம்: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270.) 38 டிகிரி தெற்கே இருக்கும் ஊருக்கு நேர் கிழக்கே பார்த்துக் கிளம்ப வேண்டும் என்றால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, இரண்டு ஊர்களின் மேலும் விரலால் அழுத்தி, தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். லண்டனை விட்டுக் கிளம்பும்போது நூல் அட்சரேகையை ஒட்டியே கிழக்கே போகும். ஜெர்மனியைக் கடந்து போலந்தின் கிராக்கோவ் பக்கம் வரும்போது லேசாகத் தெற்கே சாய்ந்திருக்கும். உக்ரைன், காகசஸ், காஸ்பியன் கடல் என்று போகப் போகச் சாய்வு கூடும். பிறகு ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லை, பாகிஸ்தான் வழியாகக் கட்ச் பகுதியில் இந்தியாவுக்குள் நுழைந்து, சோலாப்பூருக்குக் கொஞ்சம் வடக்கே கடந்து, சென்னைக்கு வந்து சேரும்போது அதன் திசை 140 டிகிரி. 89ல் தொடங்கிய பாதை 140ல் முடிகிறது. நூல் எங்கேயும் இடமோ வலமோ திரும்பவில்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் துருவத்தில் போய் ஒன்றுசேர்கின்றன என்பதால், ஊருக்கு ஊர் வடக்குக்கோடு சாய்ந்துகொண்டே வருகிறது. அதை வைத்து அளக்கும் கோணமும் மாறுகிறது.

இந்த நூல் போகும் வழிதான் பெருவட்டப் பாதை, உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி. விமானங்களும் கூடுமானவரை இதை ஒட்டியே போகும். காற்று, வான்வெளிக் கட்டுப்பாடு எல்லாம் அதை வளைக்கும். 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியிருப்பதால் நிஜ விமானம் இந்தக் கோட்டிலிருந்து விலகித்தான் வர வேண்டியிருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் எண்களைச் சரிபாருங்கள். 13 டிகிரி 5 நிமிடம் என்பது 13.05 இல்லை, 5ஐ 60ஆல் வகுத்து 13.083. இந்த ஒன்றிலேயே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தவறிவிடும். மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி போட வேண்டும். அப்புறம், எந்த எண் முதலில் வருகிறது என்று பாருங்கள். கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும். வரைபடத் தரவுகளுக்கான ஜியோஜேசன் (GeoJSON) கோப்பு தீர்க்கரேகையை முதலில் வைக்கும். சென்னையின் எண்களை இடம் மாற்றிப் போட்டால், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

பக்கத்து ஊர்களுக்குப் பித்தாகரஸ் தேற்றமே போதும், ஒரே ஒரு திருத்தத்தோடு. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது எங்கேயும் சுமார் 111.2 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி அப்படியில்லை: சென்னையில் 108.3 கி.மீ, லண்டனில் 69.2 கி.மீ மட்டுமே. அட்சரேகையின் காஸ் (கொசைன்) மதிப்பால் பெருக்கினால் இது கிடைக்கும். காஞ்சிபுரம் (12.83, 79.70) முதல் சென்னை வரை பாருங்கள். வடக்கே 0.25 டிகிரி, அதாவது 27.8 கி.மீ. கிழக்கே 0.57 டிகிரி, 0.57 × 111.2 × காஸ்(12.96) = 61.8 கி.மீ. இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 67.7 கி.மீ. திசைக்கோணம் சுமார் 66 டிகிரி. சாலை வழியாக இதைவிடக் கூடும், அது வேறு விஷயம்.

தூரம் அதிகமானால் இது தாங்காது. அப்போது ஹேவர்சைன் சூத்திரம் (பாதிக் கோணத்தின் சைனை வர்க்கம் செய்தால் வருவதுதான் ஹேவர்சைன்):

ஹ = சைன்²(அட்சரேகை வேறுபாடு ÷ 2) + காஸ்(அட்சரேகை 1) × காஸ்(அட்சரேகை 2) × சைன்²(தீர்க்கரேகை வேறுபாடு ÷ 2)

தூரம் = 2 × 6371 × தலைகீழ் சைன்(√ஹ)

6371 என்பது கிலோமீட்டரில் பூமியின் சராசரி ஆரம். தலைகீழ் சைனின் விடை ரேடியனில் இருக்க வேண்டும். எக்செல், பைத்தான் எல்லாமே கோணத்தை ரேடியனில்தான் கேட்கும். டிகிரியை அப்படியே கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு தப்பான எண்ணைத் தந்துவிடும். நம் இரண்டு ஊர்களுக்கு ஹ 0.3609, தூரம் 8,211 கி.மீ.

பாடப்புத்தகங்களில் இதைவிடச் சின்னதாக ஒரு கொசைன் விதி இருக்கும். கணிதப்படி அதுவும் சரிதான். ஆனால் 10 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கம்பங்களுக்கு அதைப் போட்டால் கொசைன் மதிப்பு 0.9999999999988 என்று வரும். பத்து இலக்கக் கால்குலேட்டர் இதை 1 என்று முழுமையாக்கி, தூரம் பூஜ்யம் என்று சொல்லிவிடும். ஹேவர்சைனில் இந்தச் சிக்கல் கிடையாது, சின்ன எண் சின்ன எண்ணாகவே நிற்கும். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜேம்ஸ் இன்மன் 1835ல் இந்தப் பெயரைக் கொண்டுவந்த காலத்தில் மாலுமிகளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஹேவர்சைன் ஒருபோதும் கழித்தல் எண்ணாக வராது, எனவே மடக்கை அட்டவணையை வைத்தே மொத்தக் கணக்கையும் முடித்துவிடலாம்.

இனித் திசைக்கோணம்:

கி = சைன்(தீர்க்கரேகை வேறுபாடு) × காஸ்(அட்சரேகை 2)

வ = காஸ்(அட்சரேகை 1) × சைன்(அட்சரேகை 2) − சைன்(அட்சரேகை 1) × காஸ்(அட்சரேகை 2) × காஸ்(தீர்க்கரேகை வேறுபாடு)

திசைக்கோணம் = ஏடேன்2(கி, வ)

ஏடேன்2 (atan2) என்பது இரண்டு பங்குகளையும் வாங்கிக்கொண்டு கோணத்தைத் தரும் தலைகீழ் டேன்ஜென்ட். இங்கே 1 என்பது கிளம்பும் ஊர், 2 போய்ச் சேரும் ஊர். தீர்க்கரேகை வேறுபாடு என்பது இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தது. 'கி' கிழக்குப் பக்கப் பங்கு, 'வ' வடக்குப் பக்கப் பங்கு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. சென்னையிலிருந்து லண்டனுக்கு கி = −0.6137, வ = 0.7389. ரேடியனில் வரும் விடையை டிகிரிக்கு மாற்றினால் −39.7. கழித்தலாக வந்தால் 360 கூட்டுங்கள்: 320.3, அதாவது வடமேற்கு.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஏடேன்2க்கு முதலில் கி, அடுத்து வ. எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் வரிசை தலைகீழ், முதலில் வ, அடுத்து கி. மாற்றிக் கொடுத்தால் 320.3க்குப் பதிலாக 129.7 வரும். அதை நம்பினால் லண்டன் வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தென்கிழக்கே இருப்பதாக ஆகிவிடும்! விடை வந்ததும் வரைபடத்தில் ஒரு தடவை கண்ணால் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

திரும்பி வரும் திசைக்கு 180 கூட்டினால் போதும் என்பதும் பரவலான நம்பிக்கை. காஞ்சிபுரத்துக்கு அது சரிப்படும். லண்டனுக்கு 320.3லிருந்து 180ஐக் கழித்தால் 140.3, ஆனால் லண்டனிலிருந்து கிளம்ப வேண்டிய திசை 89.2. அந்த 140.3 என்பது லண்டனிலிருந்து வரும் பாதை சென்னையில் இறங்கும்போது உள்ள திசை. ஆகவே திரும்பும் திசை வேண்டுமென்றால் ஊர்களை இடம் மாற்றி, சூத்திரத்தை மறுபடி போடுங்கள்.

திசை மாறவே கூடாது, ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. திசைமானியை மட்டும் நம்பிக் கப்பல் ஓட்டியவர்கள் அப்படித்தான் போனார்கள். 1569ல் மெர்கேட்டர் வெளியிட்ட வரைபடத்தில் இந்தப் பாதை நேர்கோடாகத் தெரியும். அந்த வரைபடத்தின் நோக்கமே அதுதான். லண்டனிலிருந்து 120 டிகிரியைப் பிடித்தால் கோணம் மாறாமலே சென்னைக்கு வந்துவிடலாம், ஆனால் தூரம் சுமார் 8,450 கி.மீ. 240 கி.மீ கூடுதல். இரண்டு விடையும் சரியானவைதான், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

தொழுகைக்குக் கிப்லா பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக நெருக்கமான விஷயம். சென்னையிலிருந்து மக்காவுக்குப் பெருவட்டப்படி 288 டிகிரி, மாறாத கோணப்படி 282. இங்கே ஆறு டிகிரிதான். வட அமெரிக்காவின் பல ஊர்களில் முதல் முறை வடகிழக்கையும் இரண்டாவது முறை தென்கிழக்கையும் காட்டும். பெருவட்டக் கணக்கே பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டிலேயே அல் பிரூனி என்ற அறிஞர், கஜினியிலிருந்து மக்காவின் திசையைக் கோள முக்கோணவியலால் கணக்கிட்டிருக்கிறார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அதைச் செய்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கணக்கில் வரும் கோணம் உண்மை வடக்கிலிருந்து அளந்தது என்பதையும் கவனியுங்கள். திசைமானி முள் காந்த வடக்கைக் காட்டும். சென்னையில் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. சான்பிரான்சிஸ்கோவில் சுமார் 13 டிகிரி. கருவியோடு களத்தில் இறங்குவதானால் அந்த ஊரின் விலகலைச் சரிசெய்துகொள்ள வேண்டும்: காந்த வடக்கு கிழக்கே விலகியிருந்தால் கழிக்க வேண்டும், மேற்கே விலகியிருந்தால் கூட்ட வேண்டும்.

இதுவரை பூமியைச் சரியான உருண்டை என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் நடுக்கோட்டு ஆரம் 6378.137 கி.மீ, துருவ ஆரம் 6356.752 கி.மீ. அதனால் ஹேவர்சைன் விடையில் அரை சதவீதம் வரை பிழை வரலாம். ஊர்களுக்கு இடையிலான தூரத்துக்கு இது போதும். நில அளவைக்கோ குழாய்ப் பாதைக்கோ போதாது. அதற்கு வின்சென்டி 1975ல் தந்த முறை இருக்கிறது. பூமியின் நேர் எதிர்ப்பக்கத்தை நெருங்கும் புள்ளிகளுக்கு அது சில நேரம் விடைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். சார்லஸ் கார்னி 2013ல் வெளியிட்ட முறை அதையும் தீர்த்துவிட்டது. நீங்களே எழுத வேண்டாம், பைத்தானில் பைப்ராஜ் (pyproj) நூலகத்திலுள்ள ஜியாட் (Geod) இதைத்தான் செய்கிறது. தூரத்தோடு இரு முனைகளின் திசைக்கோணங்களையும் சேர்த்தே தரும். தீர்க்கரேகையை முதலில் கொடுங்கள்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்களிலிருந்து எண்களை எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. 1802ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு) அளந்து தொடங்கிய பெரும் நில அளவையில், அவருக்குப் பின் பொறுப்பேற்ற எவரெஸ்ட் 1830ல் தந்த பூமியின் வடிவ அளவுகளை வைத்துத்தான் அந்தத் தாள்கள் தயாராயின. இன்றைய ஜிபிஎஸ் வேறு வடிவத்தை, டபிள்யூஜிஎஸ் 84ஐ, பயன்படுத்துகிறது. ஒரே இடத்துக்கு இரண்டிலும் கிடைக்கும் எண்கள் நிலத்தில் நூறு மீட்டருக்கு மேலேயும் தள்ளிப் போகலாம். ஒரு புள்ளியைத் தாளிலிருந்தும் இன்னொன்றைப் போனிலிருந்தும் எடுத்தால், எவ்வளவு நுட்பமான சூத்திரம் போட்டாலும் அந்தப் பிழை போகாது. தாளின் ஓரக் குறிப்பில் எவரெஸ்ட் என்று இருந்தால் முதலில் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு கணக்கைத் தொடங்குங்கள்.