பெட்டி இருக்கிறது, ஆட ஆளில்லை

கேள்வி: வேலை மாறிப் புது ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. கல்லூரியில் நாங்கள் நான்கு பேர் வாரம் தவறாமல் போர்டு கேம் ஆடுவோம். இப்போது அலமாரியில் ஏழு பெட்டிகள் இருக்கின்றன, எதிரே உட்கார ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் "கண்டிப்பா ஒருநாள் ஆடலாம்" என்கிறார்கள். அந்த ஒருநாள் வருவதே இல்லை. இங்கே ஒரு போர்டு கேம் கஃபே உண்டு. போனேன், எல்லோரும் நண்பர்களோடு வந்திருந்தார்கள், திரும்பிவிட்டேன். ஆளுக்கொரு கதாபாத்திரமாகச் சேர்ந்து ஒரு கதையை ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட வேண்டும் என்றும் நெடுநாள் ஆசை. எனக்கு இயல்பிலேயே கூச்சம் அதிகம். எங்கே தேடுவது, எப்படித் தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: "ஒருநாள் ஆடலாம்" என்று சொன்னவர்களிடமிருந்தே தொடங்குவோம். அவர்கள் உங்களைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஆகும், விதிகள் புரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றும் தெரியாதபோது யாராலும் "வருகிறேன்" என்று சொல்ல முடியாது. "வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ஆறரைக்கு மீட்டிங் ரூமில். ஒரே ஆட்டம், முக்கால் மணி நேரம். எப்படி ஆடுவது என்று நான் சொல்லித்தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். வருகிறேன், முடியாது என்று இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடலாம் என்பதால் பதில் உடனே வரும். வாட்ஸ்அப் குழுவில் "யாருக்கு எப்போது வசதிப்படும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆறு பேர் ஆறு கிழமை சொல்வார்கள், பேச்சு அத்தோடு நின்றுபோகும். கிழமையை நீங்களே வையுங்கள். வர முடிந்தவர் வரட்டும்.

அந்த வியாழக்கிழமை ஒருவர்தான் வந்தாலும் ஆடிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதச் சொல்லியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன். கல்லூரியில் நான்கு பேர் தானாகக் கிடைத்ததால் நான்கு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் என்ற எண்ணம் உங்களுக்குள் உட்கார்ந்துவிட்டது. வாங்கிய பெட்டிகளும் அப்படிப்பட்டவையாக இருக்கக்கூடும். ஜெர்மனியில் 1995-ல் கிளவுஸ் டாய்பர் உருவாக்கிய 'கட்டான்' 3 அல்லது 4 பேருக்கானது. இரண்டு பேராக உட்கார்ந்தால் அதை எடுக்கவே முடியாது. ஆகவே இரண்டு பேருக்கென்றே அமைந்த ஆட்டம் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். 'ஹைவ்' அதற்கு மிகப் பொருத்தம்: பலகையே கிடையாது, ஆளுக்கு 11 பூச்சிக் காய்கள், எதிராளியின் ராணியைச் சுற்றி வளைத்தால் வெற்றி. 'ஜெய்ப்பூர்' சீட்டு ஆட்டம், அரை மணி நேரத்தில் முடியும். 'கார்கஸோன்' 2 பேரிலிருந்து 5 பேர் வரை ஆடலாம் என்பதால் கடைசி நிமிடத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. வாரம் தவறாமல் இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று தெரிந்தால் மூன்றாமவர் தானாகவே எட்டிப் பார்ப்பார். எப்போது நடக்கும் என்று தெரியாத கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை.

முதல்முறை வருபவருக்கு எதை எடுப்பது? உங்களுக்கு மிகப் பிடித்ததை எடுக்க வேண்டாம். நீங்கள் நூறு முறை ஆடிய ஆட்டத்தில் அவர் தோற்றுக்கொண்டே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். நான்கு பேருக்கு மேல் வந்தால் 'கோட்நேம்ஸ்' போதும். இரண்டு அணிகள், ஒரே சொல்லில் துப்பு, கால் மணி நேரத்தில் ஒரு சுற்று. எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆடும் கூட்டுறவு ஆட்டங்களும் நல்ல தொடக்கம். மேட் லீகாக் 2008-ல் கொண்டுவந்த 'பாண்டமிக்'கில் எல்லோரும் சேர்ந்து நோய்களை அடக்கப் பார்ப்பார்கள், வென்றாலும் தோற்றாலும் சேர்ந்துதான். இதில் ஓர் ஆபத்து உண்டு. நன்றாகத் தெரிந்தவர் மற்றவர்களின் முறையையும் தானே ஆடத் தொடங்கிவிடுவார். அங்கே நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான் என்பதால் சொல்கிறேன்: கேட்டால் மட்டும் யோசனை சொல்லுங்கள். 'ஹனாபி'யில் அந்தச் சிக்கல் எழவே வழி குறைவு. அதில் உங்கள் சீட்டு மற்றவர்களுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

விதி சொல்லித்தருவது தனித் திறமை. ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். எப்படி வெல்வது என்பதை முதலில் சொல்லுங்கள், பிறகு ஒருவர் தன் முறையில் என்னென்ன செய்யலாம், பிறகு ஆட்டம் எப்போது முடியும். விதிவிலக்குகள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நன்றாகச் சொல்லித்தருபவரை எந்தக் குழுவும் விடாது.

இனி அந்த கஃபே. நீங்கள் போனது தவறான நாள், அவ்வளவுதான். சாதாரண நாட்களில் கஃபேக்கு வருபவர்கள் தங்கள் ஆட்களோடு வந்து, தங்கள் மேஜையில் ஆடிவிட்டுப் போவார்கள். தனியாக வருபவர்களைச் சேர்த்து உட்காரவைக்கும் மாலை என்று பல கஃபேக்களும் விளையாட்டுக் கடைகளும் ஒரு நாளை ஒதுக்குவதுண்டு. தொலைபேசியில் அதை மட்டும் கேளுங்கள்: "தனியாக வருபவர்கள் என்றைக்கு வருவார்கள்?" அப்படி ஒரு நாள் இல்லையென்றால், தொடங்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் குறைந்த வார நாளில் நாலு மேஜை நிரம்பினால் அவர்களுக்கும் நல்லதுதானே. நூலகங்கள், கல்லூரி மன்றங்கள், சமூகக் கூடங்கள் ஆகியவற்றின் அறிவிப்புப் பலகைகளையும் பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயரோடு 'போர்டு கேம்' என்று மீட்டப், டிஸ்கார்டு, ஃபேஸ்புக் ஆகியவற்றில் தேடினாலும் குழுக்கள் கிடைக்கலாம். கடைசியாகக் கூடியது எப்போது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பெயர் மட்டும் மிஞ்சிய குழுக்கள் நிறைய உண்டு.

போகிற அன்றைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். கூச்சமுள்ளவர்கள் கூட்டம் சேர்ந்த பிறகு ஓசையில்லாமல் நுழைந்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள். இந்த விஷயத்தில் அது எதிர்மாறாகப் போய்விடும். ஒரு மேஜையில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ இடம் திறக்காது, நீங்கள் சுவரோரம் நிற்க வேண்டிவரும். முன்னதாகப் போனால் ஏற்பாடு செய்பவரிடம் "புதிதாக வந்திருக்கிறேன், தனியாகத்தான்" என்று இரண்டு வார்த்தை சொன்னாலே போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பையில் ஒரு சின்ன ஆட்டமும் இருக்கட்டும். இடம் கிடைக்காமல் நிற்கும் இன்னொருவரோடு அதைத் தொடங்கிவிடலாம்.

உங்கள் கூச்சத்தைப் பற்றி இன்னொன்று. தெரியாதவர்களோடு நெருங்க மேஜை விளையாட்டைப் போல எளிதான வழி எனக்குத் தெரிந்து குறைவு. என்ன பேசுவது என்று தேட வேண்டியதில்லை, முறை வரும்போது பேசினால் போதும், மற்ற நேரம் எல்லோர் கண்ணும் பலகையில்தான் இருக்கும்.

ஆள் தேடி அலைவது இந்த உலகத்தில் பழைய கதை. அமெரிக்காவில் அவலான் ஹில் நிறுவனம் 1964-ல் தொடங்கிய 'தி ஜெனரல்' இதழில், போர் விளையாட்டு ஆட எதிராளி தேவை என்று வாசகர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். 1968-ல் கேரி கைகாக்ஸ் என்ற போர் விளையாட்டுப் பிரியர், அதே நாட்டில் தன் ஊரான லேக் ஜெனிவாவில் ஆட்டக்காரர்களை ஒரு கூடத்தில் கூட்டினார். அதுதான் ஜென் கான் என்ற விளையாட்டு மாநாடு, இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. மறு ஆண்டு அதே கூட்டத்தில் அவர் டேவ் ஆர்னசன் என்ற இன்னொரு ஆட்டக்காரரைச் சந்தித்தார். அந்த இருவர் சேர்ந்து 1974-ல் வெளியிட்டதுதான் நீங்கள் ஆட ஆசைப்படும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கூட ஆட ஆள் தேடியவர்கள் சந்திக்காமல் இருந்திருந்தால் அந்த ஆட்டம் பிறந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகமே.

அதற்கு ஆள் சேர்ப்பது வேறு மாதிரி. ஆட விரும்புபவர்கள் பலர், கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டராக உட்கார ஒப்புக்கொள்பவர்கள் மிகச் சிலர். ஒரு குழுவில் இடம் கிடைக்குமா என்று மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, "நான் நடத்துகிறேன், மூன்று பேர் வேண்டும்" என்று சொன்னால் ஆள் சேர்வது நிச்சயம் வேகமாக நடக்கும். பயப்பட வேண்டாம், அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இலவசமாகத் தருகிறார். நீண்ட தொடர்கதையை இப்போதே எண்ணாமல், ஒரே மாலையில் முடியும் கதையாக வையுங்கள். அது பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. தொடர்வதென்றால் ஆடுவதற்கு முன் ஒருமுறை சும்மா கூடிப் பேசுங்கள்: எந்த மாதிரிக் கதை, எதெல்லாம் கதைக்குள் வரக்கூடாது, எத்தனை நாளுக்கொருமுறை. ஒருவர் வராவிட்டாலும் மூன்று பேர் இருந்தால் ஆட்டம் உண்டு என்பதையும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேதி ஒத்துவராமல் கலைந்த குழுக்கள்தான் அதிகம்.

இடைப்பட்ட காலத்தில் உங்கள் பழைய நண்பர்கள் மூவரையும் விட்டுவிடாதீர்கள். போர்டு கேம் அரீனா என்ற இணையதளத்தில் 'கார்கஸோன்' முதல் எத்தனையோ ஆட்டங்களை ஆளுக்கோர் ஊரிலிருந்தே ஆடலாம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற கதை ஆட்டங்களுக்கு ரோல்20 என்ற தளம் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்வதற்கு ஈடாகாதுதான், ஆனாலும் கை பழக்கம் விட்டுப்போகாது.

கடைசியாக, தெரியாதவர்களோடு ஆடும்போது முதல் சில முறை பொது இடத்திலேயே கூடுங்கள். யார் வீட்டுக்கும் போக வேண்டாம், உங்கள் வீட்டுக்கும் அழைக்க வேண்டாம். ஒரு குழு எப்படிப்பட்டது என்பது புதியவர் தவறாகக் காய் நகர்த்தும்போது தெரிந்துவிடும். "திரும்ப வையுங்க, பரவாயில்லை" என்று சொல்கிறார்களா, பெருமூச்சு விடுகிறார்களா? மேஜையில் உள்ள பெண்களிடம் எப்படிப் பேசுகிறார்கள்? மனதுக்கு ஒவ்வாவிட்டால் ஆட்டம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மோசமாக நடந்துகொண்டால் முடியும்வரைகூட இருக்க வேண்டியதில்லை. பிடித்திருந்தால், காய்களைப் பெட்டியில் போடும்போதே அடுத்த வாரம் வருகிறீர்களா என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.