பனிக்குட நீர் பச்சையாக வந்தால்: சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயம்தான், "வயிற்றிலேயே மோஷன் போயிடுச்சாம் டாக்டர்."

பேரன் மலத்தைக் குடித்துவிட்டானாம், ஐசியூவில் இருக்கிறான். மருமகள் ஆகாததைச் சாப்பிட்டதாலா? (ஒரு பாட்டி, பென்னாகரம்)

மருமகளை விட்டுவிடுங்கள் பாட்டி, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரசவத் தேதி தள்ளிப்போனாலோ, உள்ளே ஆக்ஸிஜன் குறைந்து குழந்தை திணறினாலோ அந்தக் கரும்பச்சை மலம் பிறக்கும் முன்பே வெளியேறிவிடும். குடித்ததால் பெரிய கெடுதல் இல்லை, மூச்சுக்குழாய்க்குள் இழுத்ததுதான் வம்பு. தார் மாதிரி ஒட்டுகிற பொருள் அது, சில இடத்தில் காற்றை உள்ளே விட்டுவிட்டு வெளியே வர விடாது, அதிலுள்ள பித்த உப்புகள் நுரையீரலைப் புண்ணாக்கி வீங்க வைக்கும், போதாததற்கு நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்ஃபாக்டன்டையும் கெடுத்துவிடும். 100 பிரசவத்தில் 10, 15-ல் நீரில் மலம் கலக்கிறது. அந்தக் குழந்தைகளிலும் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் இந்த மூச்சுத்திணறல் வருகிறது.

கிருமி இல்லை என்கிறார்கள், அப்புறம் எதற்கு ஆன்டிபயாடிக்? (ஊத்தங்கரை)

நியாயமான கேள்வி. எக்ஸ்ரேயில் இதுவும் கிருமி நிமோனியாவும் ஒரே மாதிரி தெரியலாம். சந்தேகம் இருந்தால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு வரும்வரை கொடுப்போம், கிருமி வளரவில்லை என்றால் நிறுத்திவிடுவோம். கல்ச்சர் சுத்தமாக வந்தும் ஊசி ஓடினால் ஏன் என்று தைரியமாகக் கேளுங்கள்.

பிறந்ததும் குழாய் விட்டு ஏன் உறிஞ்சவில்லை? (பாலக்கோடு)

முன்பு செய்தோம், நானும் செய்திருக்கிறேன். பெரிய பலன் இல்லை, மூச்சு கொடுப்பதுதான் தாமதமாகிறது என்று தெரிந்ததால் 2015-லிருந்து எல்லாக் குழந்தைக்கும் அப்படிச் செய்வதில்லை. அடைப்பு இருந்தால் மட்டும்தான்.

கழுதைப் பால்? (அஞ்செட்டி)

வேண்டாம். வயிற்றுக்குப் போகிற பால் நுரையீரலைக் கழுவாது.

அடுத்த குழந்தைக்கும் வருமா? (தேன்கனிக்கோட்டை)

வந்தே தீரும் என்றில்லை. தேதி தாண்டி வலிக்காகக் காத்திருக்காதீர்கள், விளக்கெண்ணெய் குடித்து வலி வரவைக்கவும் வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ நீர் பச்சையாகக் கசிந்தாலோ விடியட்டும் என்று உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதனால் கடைசி வாரத்திலேயே கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போல, பச்சிளங்குழந்தை வார்டு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீடு இருந்தால் போய்த் தங்கிவிடுங்கள்.