சூக்கும உடல் எல்லா மரபிலும் ஒன்றுதானா?

கேள்வி: சூக்கும சரீரம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? சிங்கப்பூரில் நான் போன ஒரு வார இறுதிப் பயிலரங்கில், இந்து, பௌத்த, சீன, சூஃபி மரபுகள் எல்லாம் ஒரே சூக்கும உடலைத்தான் வேறு வேறு பெயரில் சொல்கின்றன என்றார்கள். ஏழு சக்கரம், ஏழு நிறம், சுற்றிலும் ஒளிவட்டம் என்று படமும் காட்டினார்கள். சரியா?

பதில்:

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஒன்று கிடையாது. பெயரை மாற்றிப் போட்டால் எல்லாம் பொருந்திவிடும் என்பது பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு வசதியான பேச்சு. ஒவ்வொரு மரபும் ஏதோ ஒரு தேவைக்காக சூக்கும உடலைப் பற்றிப் பேசியது. அந்தத் தேவை என்ன என்று பார்க்காமல் படங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும்.

நம்மிடமிருந்தே தொடங்கலாம். விநாயகர் அகவல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சதுர்த்தியன்று கோயிலில் கூட்டமாகப் பாடும்போது கவனித்திருக்கிறீர்களா? 'சீதக் களபச் செந்தா மரைப்பூம்' என்று தொடங்கும்போது எல்லார் குரலும் கேட்கும். நடுவில் வேகம் பிடித்துவிடும், பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். அந்த இடத்தில்தான் 'புரியட்ட காயம் புலப்பட எனக்கு' என்ற வரி ஓடிப் போகிறது. அந்தப் புரியட்ட காயம்தான் சூக்கும உடல். பயிலரங்கில் காசு கட்டிக் கேட்பதற்கு முன்பே வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதில் என்னென்ன இருக்கிறது என்று திருமந்திரத்தின் எட்டாம் தந்திரம் எண்ணிச் சொல்கிறது. ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் ஆகிய ஐந்தின் நுண்மைகள். கூடவே மனம், புத்தி, அகங்காரம். மொத்தம் எட்டு. சாங்கியக் கணக்கில் 18 வரும், வேதாந்தக் கணக்கில் 17 வரும். எண்ணிக்கையில் சண்டை இருந்தாலும் வேலை ஒன்றுதான். ஆன்மா எங்கும் நிறைந்தது என்றால் அது ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்கு எப்படிப் 'போகும்'? செய்த வினையின் பலன் அடுத்த பிறவிக்கு எதில் ஏறிப் போகும்? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இப்படி ஒரு தொகுப்பு தேவைப்பட்டது. போவது அது. அதில் நிறமும் இல்லை, உடம்பைச் சுற்றி மிதக்கும் வெளிச்சமும் இல்லை.

ஆனால் நம் மரபுக்குள்ளேயே இதற்குப் பொருந்தாத இன்னொரு சூக்கும உடல் இருக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட அப்பாவின் கருமாதியில்தான் நன்றாகக் கவனித்தேன். ஊர்ப்பக்கம் பத்து நாள் செய்வதை, இங்கே சிங்கப்பூரில் யாருக்கும் அவ்வளவு லீவு கிடைக்காது என்பதால், ஒரே காலையில் செய்துவிடுகிறார்கள். ஐயர் சோற்றைப் பிசைந்து எள் சேர்த்து உருண்டை உருண்டையாக இலையில் வரிசையாக வைக்கச் சொன்னார். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் காதோரம் வந்து, "மாமா, தாத்தாவுக்குப் பசிக்கும்னா பிடிச்ச மீன் குழம்பு வைக்கலாமே, வெறும் சோறு எதுக்கு?" என்றான். சரியான கேள்விதான். கருட புராணம் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும். முதல் நாள் பிண்டத்தால் தலை உண்டாகிறது. இரண்டாம் நாள் கழுத்தும் தோளும். மூன்றாம் நாள் நெஞ்சு. அப்படியே முதுகு, தொப்புள், இடுப்பு, தொடை, முழங்கால் என்று இறங்கி ஒன்பதாம் நாள் பாதம். பசியும் தாகமும் வருவது பத்தாம் நாள்தான். அதுவரை பசிக்க வயிறே இல்லை!

இப்போது யோசியுங்கள். புரியட்ட காயம் பிறவிதோறும் கூடவே வருவது. யாரும் செய்து கொடுக்க வேண்டியதில்லை. கருமாதியில் வரும் உடலோ பிள்ளைகள் கையால் புதிதாகச் செய்யப்படுவது. செய்யாவிட்டால் இறந்தவர் உடலில்லாமல் அலைவார் என்பது நம்பிக்கை. முன்னது வினைக் கணக்கைச் சுமக்கிறது. பின்னது குடும்பத்தின் கடமையைச் சுமக்கிறது. ஒரே வீட்டில், ஒரே காலையில் இரண்டையும் நம்புகிறோம், யாருக்கும் முரண்பாடாகத் தெரிவதில்லை. அப்படி இருக்கும்போது சீனர்களும் சூஃபிகளும் நம்மோடு அப்படியே ஒத்துப்போவார்கள் என்று எப்படி எதிர்பார்ப்பது?

அப்புறம் மூன்றாவதாக யோகிகளின் உடல். சக்கரம், நாடி, குண்டலினி எல்லாம் இங்கே. 'நாலும் இருமூன்றும் ஈரைந்தும் ஈராறும்' என்று திருமூலர் சக்கரத் தாமரைகளின் இதழ்களை எண்ணிக்கொண்டே போவார். 4, 6, 10, 12, பிறகு 16, கடைசியில் புருவ மத்தியில் 2. கூட்டினால் 50. வடமொழி எழுத்துகளை 50 என்று வைத்து, இதழுக்கு ஓர் எழுத்தாக இருத்திவிட்டார்கள். இதழ் எண்ணிக்கை உடம்பை அறுத்துப் பார்த்து வந்ததில்லை, எழுத்துகளின் கணக்கோடு பிணைந்தது. ஓர் எழுத்தை ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே மூச்சையும் மனத்தையும் நிறுத்திப் பழகுவதற்கு வகுத்த உடல் இது. பயிற்சி மாறினால் உடலும் மாறும். பௌத்தர்களின் ஹேவஜ்ர தந்திரத்தில் சக்கரம் நான்குதான். தொப்புளில் 64 இதழ், நெஞ்சில் 8, தொண்டையில் 16, தலையில் 32. இரண்டில் எது சரி என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. இரண்டும் அவரவர் சாதனைக்குச் சரி.

சரி, வானவில் நிறம் எங்கிருந்து வந்தது? பழைய நூல்களிலிருந்து வரவில்லை. 1577இல் வங்காளத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் எழுதிய ஆறு சக்கரங்கள் பற்றிய நூலைத்தான் ஜான் உட்ராஃப் 1919இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மேற்கில் பரவிய சக்கர ஞானத்தின் பெரும்பகுதிக்கு அது மூலம். அதில் மணிபூரகம் என்ற தொப்புள் சக்கரத்தின் இதழ்களுக்கு நிறம் மழைமேகக் கறுப்பு. பயிலரங்குப் படத்தில் அதே இடம் மஞ்சளாக இருந்திருக்குமே? இடையில் வந்தவர்கள் தியாசபிக்காரர்கள், அதாவது பிரம்மஞான சபையினர். 1875இல் நியூயார்க்கில் தொடங்கி 1882இல் சென்னை அடையாறுக்கு வந்த சங்கம் அது. தூல உடலுக்கு மேல் ஈதர் உடல், அதற்கு மேல் ஆஸ்ட்ரல் உடல், மனோ உடல் என்று மாடி மேல் மாடி கட்டியவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவரான லெட்பீட்டர் 1927இல் சக்கரங்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் கீழிருந்து இரண்டாம் சக்கரமான சுவாதிட்டானத்தைத் தூக்கிவிட்டு மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்தார்; தன் ஞானப் பார்வையில் அப்படித் தெரிந்தது என்பது அவர் கட்சி. வானவில் வரிசை அதற்கும் பிறகு, 1970களில் அமெரிக்காவில் பரவியது. ஆக, உங்களுக்குக் காட்டிய படத்தின் வயது நம்மில் பலரின் வயதுதான். புதியது என்பதால் குற்றம் சொல்லவில்லை. ஐயாயிரம் வருஷப் பழமை என்று விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சீனர்களுடையது இன்னும் வேறு. நம் புளோக்குகளில் ஏழாம் மாதம் வந்தால் கீழே தகர டிரம்மில் காகிதப் பணம், காகிதச் சட்டை எல்லாம் எரிப்பார்கள் இல்லையா? அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளில் ஒன்று, மனிதருக்கு உயிர் ஒன்றல்ல, பல என்பது. 'ஹுன்' மூன்று, 'போ' ஏழு என்பது வழக்கமான கணக்கு. ஹுன் மேலே போகும், போ உடலோடு மண்ணுக்குப் போகும். இன்னொரு வழக்கில், ஹுன் மூன்றில் ஒன்று முன்னோர் பெயர்ப்பலகையில் தங்கும், ஒன்று கல்லறையில் இருக்கும், ஒன்று கீழுலக விசாரணைக்குப் போகும் என்று பரவலாகச் சொல்வார்கள். அதனால்தான் ஒரே தாத்தாவுக்குக் கோயிலில் உள்ள பெயர்ப்பலகையிலும் வணங்கி, ஏப்ரலில் முன்னோரை வணங்கும் சிங்மிங் நாள் வந்தால் அஸ்தி வைத்த இடத்துக்கும் போகிறார்கள். நம் கணக்கில் ஒரு மூட்டையாக ஓரிடத்துக்குப் போவது, அவர்கள் கணக்கில் பிரிந்து பல இடத்துக்குப் போகிறது. இதைப் போய் 'ஒரே சூக்கும உடல்' என்றால் இரண்டு பேருக்குமே கோபம் வரும். சின்சே என்ற சீன வைத்தியரின் கடைச் சுவரில் தொங்கும் உடல் படத்தில் உள்ள கோடுகளும் வேறு கதை: அவை ஊசி குத்தவும் அழுத்தவும் வேண்டிய இடங்களைக் காட்டும் வைத்தியக் கோடுகள், செத்த பிறகு எங்கும் போவதைப் பற்றி அவை பேசுவதே இல்லை.

சூஃபிகள் உடலில் சொல்லும் நுண் மையங்களான 'லத்தீஃபா'க்களை ஏழு சக்கரத்தோடு ஒட்டுவதும் இப்படித்தான். நக்ஷ்பந்தி மரபில் கல்பு, ரூஹு, சிர்ரு, கஃபி, அக்ஃபா என்ற ஐந்தும் நெஞ்சுப் பகுதியில்தான் இருக்கின்றன. கல்பு இடப்பக்கம், ரூஹு வலப்பக்கம். திக்ரை, அதாவது இறைநாம தியானத்தை, எங்கே இருத்துவது என்பதற்கான இடங்கள் அவை. முதுகுத்தண்டு வழியாக எதுவும் ஏறுவதில்லை.

இவ்வளவு வேறுபாட்டுக்கு நடுவே, புரியட்ட காயத்துக்கு உண்மையிலேயே பக்கத்தில் வருவது கிரேக்கம் என்பது என் எண்ணம். ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இருந்த தத்துவஞானி புரோக்ளஸ், உடலற்ற ஆன்மா சடத்தோடு எப்படிச் சேரும் என்ற அதே சிக்கலை எடுத்துக்கொண்டு, ஆன்மாவுக்கு ஒரு 'வாகனம்' உண்டு, கீழே இறங்க இறங்க அது அடுக்கடுக்காகப் போர்த்திக்கொள்கிறது என்றார். கேள்வி ஒன்றாக இருந்ததால் பதிலும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்திருக்கிறது. பயிலரங்குகளில் இவரை யாரும் சொல்வதில்லை.

இனி முதல் கேள்வி. இருக்கிறதா? கருவியில் அளந்து யாரும் காட்டியதில்லை. உயிரின் எடை '21 கிராம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது, 1907இல் அமெரிக்க மருத்துவர் மக்டூகல் வெளியிட்ட சோதனை. சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரை எடை பார்த்தார். அந்த 21 கிராம் அதில் ஒரே ஒருவருக்குச் சாகும்போது குறைந்த எடை, மற்றவர்களுடையது ஒத்துவரவில்லை. ஆரா கேமராவில் கைவைக்கும் தகடு தோலின் மின்னளவை எடுக்கிறது, நிறம் பூசுவது கணினி. உடலை விட்டு மேலே மிதந்து தன்னையே பார்த்த அனுபவம் மட்டும் பொய்யில்லை, பலருக்கு நேர்ந்திருக்கிறது. 2002இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோய்க்குப் பரிசோதித்த ஒரு பெண்ணின் வலது மூளையில் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது, அந்தப் பெண் கட்டிலில் கிடக்கும் தன்னை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். தன் கால்களும் இடுப்புப் பக்கமும் மட்டும்தான் தெரிந்தனவாம். அனுபவம் மெய். அதற்குப் பறந்து போகும் உடல் ஒன்று தேவையா என்பதில் நான் மூளைப் பக்கம்தான் நிற்பேன். அதற்காகக் கருமாதியை விட்டுவிடப் போவதில்லை. அது அளவெடுக்கும் விஷயமே இல்லை, மகன் செய்ய வேண்டிய வேலை.

பயிலரங்கின் அடுத்த நிலைக்குப் பணம் கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூச்சுப் பயிற்சி பிடித்திருந்தால் போங்கள், அதில் நன்மை உண்டு. நடத்துகிறவரிடம் இந்த முறை எந்த நூலில், யாரிடம் கற்றது என்று மட்டும் கேளுங்கள். 'எல்லா மரபும்' என்று பதில் வந்தால் பர்ஸை மூடிவிடலாம். குண்டலினி எழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு தூக்கமில்லாமல், படபடப்போடு யாராவது இருந்தால் முதலில் பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், குருவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.