கையிலுள்ள புண் ஈரலுக்குப் போகுமா?

கேள்வி: வவுனியாவில் வயல் செய்யும் என் அப்பாவுக்கு 56 வயது. முன்கையில் ஐந்து மாதமாக நோவோ அரிப்போ இல்லாத ஒரு புண். வைத்தியசாலையில் சுரண்டிப் பரிசோதித்துவிட்டு லீஷ்மேனியாசிஸ் என்றார்கள். கிழமைக்கு ஒருமுறை புண்ணிலேயே ஊசி போடுகிறார்கள். மூன்று போட்டும் ஆறவில்லை. இது காலா அசார் கிருமி, ஈரலையும் மண்ணீரலையும் தாக்கும், 95 வீதம் மரணம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து வீட்டில் எவருக்கும் நித்திரை இல்லை. அப்பாவின் துவாயையும் கோப்பையையும் தனியாக வைத்திருக்கிறோம். மீனும் கத்தரிக்காயும் நிறுத்திவிட்டோம். எதிர்ப்புச் சக்திக்கு ஒரு சிரப் கொடுக்கிறோம். மூச்சு முட்டுக்காகப் பழைய மருந்துத் துண்டைக் காட்டி பார்மசியில் வாங்கி எட்டு மாதமாக பிரெட்னிசொலோன் 10 மில்லிகிராம் எடுக்கிறார். வேறு வருத்தம் எதுவும் இல்லை.

பதில்: கோப்பையைத் திரும்ப அடுக்கில் வையுங்கள். மீனைச் சமையுங்கள். இது தொட்டு ஒட்டுகிற நோயல்ல. மணல் ஈ கடித்து வருவது. ஊசி மூன்றோடு ஆறாததும் வழமைதான். பலருக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். கிழமை தவறாமல் போவதுதான் முக்கியம்.

இனி அந்த 95 வீதம். எண் சரி, விலாசம் பிழை. அது உள்ளுறுப்புகளில் பரவிய காலா அசாருக்கு மருந்தே கொடுக்காமல் விட்டால் நேர்வது. உங்கள் பயத்தில் பாதி நியாயமும் இருக்கிறது: பீகாரில் மண்ணீரலை வீங்கச் செய்கிற லீஷ்மேனியா டொனோவானி என்ற அதே இனம்தான் இலங்கையில் தோலில் புண்ணாக வருகிறது. (1903 இல் சென்னை மருத்துவமனையில் நோயாளிகளின் மண்ணீரலில் இதைக் கண்ட சார்ல்ஸ் டொனோவனின் பெயர்தான் அது.) இனம் ஒன்று, குணம் வேறு. இலங்கையில் தோல் நோயாளி ஒருவரிடமும் உள்ளுறுப்பு நோயாளி ஒருவரிடமும் எடுத்த கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏ2 என்ற மரபணுவின் பிரதிகள் தோல் கிருமியில் குறைவாக இருந்தன. உடம்பின் உட்சூட்டைத் தாங்கிப் பிழைக்க உதவும் புரதத்தைத் தருவது அந்த மரபணு. தோல் கொஞ்சம் குளிர்ந்த இடம், அங்கே இந்தக் கிருமி சமாளித்துவிடும். ஈரலின் சூடு அதற்குச் சுலபமல்ல. நமது நாட்டில் இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தோல் புண்ணோடு தப்பிவிடுகிறார்கள். உள்ளே போனவர்கள் ஒரு சிலர்தான். ஆனாலும் இருக்கிறார்கள்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, 'வேறு வருத்தம் இல்லை' என்பதற்குச் சற்று முன்னால் போகிற போக்கில் எழுதிய அந்த மாத்திரை வரியை.

இந்தக் கிருமி ஒளிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்றே உள்ள வெண்குருதிக் கலத்துக்குள், அதன் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. அந்தக் கலம் தானாக விழித்துக்கொள்ளாது. டி கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலங்கள் வந்து இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞையைக் கொடுத்தால்தான் அது நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கி உள்ளே இருப்பதைக் கொல்லும். அந்த டி கலங்களை அடக்கி வைக்கிற ஸ்டீரொய்ட் மருந்துதான் பிரெட்னிசொலோன். ஒரு கையால் எதிர்ப்புச் சக்திக்குச் சிரப், மறு கையால் அதை அமுக்குகிற மாத்திரை! சிரப்பை நிறுத்துங்கள், காசாவது மிஞ்சும்.

மாத்திரையை மட்டும் நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இப்படி எழுதியவுடன் பெட்டியைத் தூக்கி எறிகிறவர்களை எனக்குத் தெரியும். எட்டு மாதம் வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்துபோயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சுருண்டுவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதை வைத்தியர் செய்ய வேண்டும். முட்டுக்கு உள்ளிழுக்கும் பம்ப் இருக்கிறது. தினமும் மாத்திரை விழுங்க வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு இல்லை. பழைய துண்டை யார் எப்போது எழுதினாரோ, அவர் எட்டு மாதத்துக்கு எழுதியிருக்கமாட்டார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது புண்ணின் அளவை அல்ல, காய்ச்சலை. இரண்டு கிழமையைத் தாண்டியும் விட்டுவிட்டு வருகிற காய்ச்சல், அதோடு உடம்பு மெலிவது, முகம் வெளிறுவது, இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம் அல்லது இரண்டு வாய் சாப்பிட்டவுடனேயே வயிறு நிரம்பியது போன்ற உணர்வு. வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்கும்போது அப்படித்தான் இருக்கும். புண் நன்றாக ஆறிக்கொண்டு வந்தாலும் இது பொருந்தும். இப்படி இருந்தால் பனடோல் போட்டுக்கொண்டு அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போய், 'லீஷ்மேனியாசிஸுக்கு ஊசி போடுகிறவர், ஸ்டீரொய்ட் எடுத்தவர்' என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று தேடி நாட்கள் போய்விடும். புண் ஆறிய பிறகும் சில கிருமிகள் உடம்பில் சத்தமில்லாமல் தங்கிவிடலாம் என்பதால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதையும் பின்னாளில் யாராவது எழுதினால் இந்த நோய் வந்த கதையை அப்பா சொல்லியாக வேண்டும்.

மணல் ஈ நுளம்பிலும் சிறியது, சாதாரண வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்துவிடும். மருந்தூட்டிய வலை நல்லது. அந்தி நேரத்தில் மாட்டுக் கொட்டிலடியில் வெறும் மேலோடு நிற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது மாத்திரைப் பெட்டியையும் அந்தப் பழைய துண்டையும் எடுத்துப்போய் வைத்தியரின் மேசையில் வையுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.