படத்தின் நிறமும் தொனியும்: சில கேள்விகள், பதில்கள்

படங்களின் நிறத்தை மென்பொருளில் திருத்துவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிறம் கெட்டுப்போனதாகத் தெரியும் படங்களில் பெரும்பாலும் கெட்டிருப்பது வெளிச்சக் கணக்குதான். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பல்பு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எல்லாம் மஞ்சளாக இருக்கின்றன. மஞ்சளை மட்டும் குறைத்துப் பார்த்தேன். சுவர் சரியானது, முகத்தில் பிணக்களை வந்துவிட்டது.

அந்த மஞ்சள் சுவருடையதும் இல்லை, முகத்துடையதும் இல்லை, பல்பிலிருந்து வந்தது. மஞ்சளின் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைத்ததும் தோலுக்கே உரிய மஞ்சளும் சேர்ந்து போய்விட்டது. நீங்கள் தொட வேண்டியது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச் சாய்வைச் சரிக்கட்டி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின், பழைய இழை பல்பு 2,700 முதல் 3,000, நண்பகல் வெயில் 5,500 அளவில், நிழல் 7,000க்கு மேலும் போகும். எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் பக்கம் சாயும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்: மென்பொருளில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே? அந்த எண் நீங்கள் படத்தின் மேல் பூசும் நிறம் இல்லை. ‘எடுத்தபோது வெளிச்சம் இப்படி இருந்தது’ என்று மென்பொருளுக்குச் சொல்லும் தகவல். வெளிச்சம் நீலமாக இருந்தது என்று சொன்னால், அதைச் சரிக்கட்ட அது மஞ்சளைச் சேர்க்கும். பல்புப் படத்துக்கு 2,800 என்று வையுங்கள். நீலத்தைச் சேர்த்து மஞ்சளை அடக்கிவிடும்.

படத்தில் ஓரிடத்தைச் சொடுக்கி அதன் நிறத்தை எடுக்கும் ஐட்ராப்பர் கருவி இருந்தால் சாம்பல் நிறப் பொருள் ஒன்றின் மேல் சொடுக்குங்கள். வெளிறிப்போன வெள்ளையில் சொடுக்காதீர்கள், அங்கே நிறத் தகவலே மிச்சம் இருக்காது. வெள்ளைச் சட்டையையும் நான் நம்புவதில்லை. சலவைத்தூளில் இருக்கும் பளிச்சிடும் பொருள் அதை லேசாக நீலமாக்கியிருக்கும். டியூப்லைட் படம் என்றால் பச்சை ஏறியிருக்கும். அதற்கு டின்ட் ஸ்லைடரை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் நகர்த்த வேண்டும்.

கேள்வி: அதே சிக்கல்தான், ஆனால் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் பல்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது.

இரண்டு வெளிச்சத்துக்கு ஒரே எண் பொருந்தாது. முகம் எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதற்கு வையுங்கள். மறுபக்கத்துக்கு மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, தனியாகக் கொஞ்சம் திருத்துங்கள். முழுக்கச் சமப்படுத்தப் போகாதீர்கள். பின்னணியில் பல்பு மஞ்சளாகத் தெரிவது கண்ணுக்கு இயல்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஜேபெக்கில் திருத்தக் கூடாதா? ரா தான் வேண்டுமா?

ஜேபெக் கேமரா பதப்படுத்திச் சுருக்கிய கோப்பு; ரா, சென்சார் பதிந்ததைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்திருப்பது. லேசான திருத்தத்துக்கு ஜேபெக் போதும். ஆனால் ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஜேபெக்கில் வானத்தை இழுத்துப் பிடித்தால் பட்டைபட்டையாகப் பிரிவது இதனால்தான். தவிர, ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸ் ஏற்கெனவே படத்தோடு கலந்துவிட்டது. ராவில் அது வெறும் குறிப்பு, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ரா திருத்தக் காசு செலவழிக்கத் தேவையில்லை. டார்க்டேபிள், ரா தெரபி இரண்டும் இலவசம்.

கேள்வி: கர்வ்ஸில் ‘எஸ்’ வளைவு போட்டதும் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. நான் நிறத்தைத் தொடவே இல்லையே?

தொட்டிருக்கிறீர்கள், தெரியாமல். இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தை இன்னும் ஏற்றும் அந்த வளைவு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியாக வேலை செய்கிறது. தோலில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. வளைவு அதிகமானதை இன்னும் ஏற்றி, குறைவானதை இன்னும் இறக்குகிறது. இடைவெளி விரிந்தால் நிறம் அடர்த்தியாகும்.

ஃபோட்டோஷாப்பில் அந்தக் கர்வ்ஸ் லேயரின் பிளெண்ட் மோடை (மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு எப்படிக் கலக்கும் என்ற அமைப்பு) லுமினாசிட்டி என்று மாற்றுங்கள். இலவச மென்பொருளான ஜிம்பில் லேயரை நகலெடுத்து, நகலில் வளைவு போட்டு, அதன் மோடை ‘எல்சிஎச் லைட்னெஸ்’ என்று வையுங்கள். வெளிச்சம் மட்டும் மாறும். ஆனால் எல்லாப் படத்துக்கும் இதைச் செய்யாதீர்கள். இயற்கைக் காட்சிக்கு அந்தக் கூடுதல் நிறம் சில நேரம் அழகாகவே இருக்கும்.

கேள்வி: வைப்ரன்ஸ், சாச்சுரேஷன், என்ன வித்தியாசம்?

சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல ஏற்றும். வைப்ரன்ஸ் மங்கலான நிறங்களை அதிகமாகவும், ஏற்கெனவே அடர்ந்தவற்றைக் குறைவாகவும் ஏற்றும்; தோல் நிறத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். சிவப்புப் பூ இருக்கும் படத்தில் சாச்சுரேஷனை ஏற்றிப் பாருங்கள், இதழ்களின் மடிப்பு மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். சிவப்பு சேனல் 255ஐத் தொட்டு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: கறுப்பு வெள்ளையாக மாற்றினால் படம் சப்பென்று இருக்கிறது.

சாச்சுரேஷனைப் பூஜ்யமாக்கி முடித்துவிட்டீர்கள், சரியா? சிவப்புப் பூவும் பச்சை இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். சேனல் மிக்சர் அல்லது கறுப்பு வெள்ளைக் கருவியில் எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம். சிவப்பை ஏற்றினால் தோல் பொலிவாகும், நீல வானம் இருண்டு மேகம் எழும்பி நிற்கும். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்த அதே வேலைதான்.

கேள்வி: ஸ்கேன் செய்த பழைய கலர் படம் ஒன்று சிவந்துபோயிருக்கிறது. மீட்க முடியுமா?

ஓரளவு முடியும். பழைய கலர் அச்சுகள் பலவற்றில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிவிடுவதால் சிவப்பு மேலோங்குகிறது. முடிந்தால் சேனலுக்கு 16 பிட் வைத்து, டிஃப் கோப்பாக மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பிறகு லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஹிஸ்டோகிராம் (எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம்) மேடு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் முனைகளை நகர்த்துங்கள். இதிலேயே பெரும்பகுதி சரியாகிவிடும். மிச்சத்தை நடு முனையில் திருத்துங்கள். வெள்ளை ஓரம் இருந்தால் அதை விட்டு, படப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் ஓரம் ஹிஸ்டோகிராமைக் குழப்பும்.

கேள்வி: வெள்ளைச் சட்டையை நீலமாக்க ஹ்யூ ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினாலும் மாறவில்லை.

ஹ்யூ என்பது சிவப்பா, நீலமா என்ற நிற வகை. வெள்ளையில் அதுவே இல்லை, எதை மாற்றும்? சட்டையைத் தேர்ந்தெடுத்து, மேலே நீல லேயர் வைத்து, மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். மடிப்புகளும் நிழலும் அப்படியே இருக்கும். கறுப்புச் சட்டையை வெள்ளையாக்கக் கேட்டால் மட்டும் நான் ஓடிவிடுவேன்.

கேள்வி: கணினியில் அழகாக இருக்கும் படம், போனில் வேறு மாதிரி, அச்சில் இருட்டு.

அனுப்பும் கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரையறைக்கு மாற்றி, அந்த ப்ரொஃபைலோடு (நிறத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு) சேமியுங்கள். அதைவிட விரிந்த நிற வரையறையான அடோபி ஆர்ஜிபி கோப்பை, ப்ரொஃபைலைக் கவனிக்காத செயலியில் திறந்தால் நிறம் செத்துத் தெரியும். அச்சு இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருப்பதே காரணம். அளவிடும் கருவி இருந்தால் திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வையுங்கள். இல்லையென்றால், திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அறை வெளிச்சத்தில் பிடித்த வெள்ளைத் தாளோடு ஒப்பிட்டுப் பிரகாசத்தைக் குறையுங்கள்.

அப்புறம், இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி தானாக இயங்குகிறதா என்று பாருங்கள். ஒருமுறை அதை அணைக்க மறந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். காலையில் பார்த்தால் அத்தனை முகமும் நீலம் பூத்து நின்றது.

கேள்வி: ஒரே ப்ரிசெட் (சேமித்துவைத்த திருத்தங்களின் தொகுப்பு) ஒரு படத்துக்குப் பொருந்துகிறது, அடுத்ததைக் கெடுக்கிறதே?

அதை உருவாக்கியவர் கையில் இருந்த படத்தின் வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும் வேறு. முதலில் அந்த இரண்டையும் ஒவ்வொரு படத்திலும் சரிசெய்துவிட்டு, பிறகு ப்ரிசெட்டைப் போடுங்கள். நீங்களே ஒன்றைச் சேமிக்கும்போது எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.